முகாம் அட்டையை நம்பி ஊட்டிக்கு பஸ் ஏறாதீர்கள்

பந்தலூர் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு பணியர் பழங்குடி அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கு மூன்று தடவை வந்து போனார். கடைசித் தடவை பஸ் நடுவட்டம் தாண்டுவதற்குள் பிள்ளைக்கு முழங்காலில் வலி பிடித்துவிட்டது. பிள்ளைக்கு சிக்கிள் செல் நோய்: ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். அதற்குக் குளிர் ஆகாது. அந்த நோய்க்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்கத்தான் குளிருக்கு வரச் சொன்னார்கள். அன்றும் "ரிப்போர்ட் சரியில்லை, அடுத்த வாரம் வாங்க" என்பதுதான் பதில்.

2047-க்குள் இந்த நோயை ஒழிப்பது ஒன்றிய அரசின் இலக்கு. 2023 ஜூலையில் தொடங்கினார்கள். 40 வயது வரை ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை. சுகாதாரம், பழங்குடியினர் நலம் என்று துறைகள் டெல்லியில் ஒன்றாக உட்கார்ந்தன. இங்கே ஒரு துறையின் காகிதம் அடுத்த துறைக்குத் தானாகப் போவதில்லை. சுமப்பது நோயாளிதான்.

ஊருக்கு வரும் பரிசோதனை முகாமில் முதலில் செய்வது பெரும்பாலும் சால்யுபிலிட்டி டெஸ்ட் என்ற எளிய ரத்தப் பரிசோதனை. கோளாறான ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். நோயா, வெறும் கேரியரா (நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று பிரிக்காது. அதற்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி என்ற பரிசோதனை எடுக்க வேண்டும். "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதிய முகாம் அட்டையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள், அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் ஹெச்பிஎல்சி முடிவும் குழம்பும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேரியருக்கு மாற்றுத்திறனாளி சான்று கிடையாது. ஆனால் அந்தத் தகவல் கல்யாணம் பேசும்போது வேண்டும்: இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. அடுத்தது, பாதிப்பு 40 சதவீதமாவது இருக்கிறது என்று டாக்டர்கள் மதிப்பிட வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் சிக்கிள் செல் நோயும் உண்டு. ஆனால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வெள்ளையாக வந்தால் 40-க்குக் கீழே என்று அர்த்தம், பெரும்பாலான சலுகைகள் கிடைக்காது. மஞ்சளோ நீலமோ வர வேண்டும். இந்த நோய் வெளியே தெரியாது. வலியில்லாத நாளில் போய் நின்றால் "நல்லாத்தானே இருக்கா" என்பார்கள். எத்தனை தடவை வலிக்கு அட்மிட் ஆனார், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள் என்பதைக் காகிதம்தான் பேச வேண்டும். ஒரு டிஸ்சார்ஜ் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். மழை ஒழுகும் வீடு என்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஜாதிச் சான்று. பழங்குடிச் சான்று தருவது கோட்டாட்சியர், அதற்கே மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றுக்கு அது தேவையே இல்லை. "முதல்ல அதை வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால் எந்த விதியில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்றால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கம்ப்யூட்டர் இரக்கம் பார்க்காது.

விண்ணப்பத்தை ஆன்லைனில் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்று தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. அந்தக் காகிதம் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும். வாய்வார்த்தையாக "இல்லை" என்றால், கவுண்டரை விட்டு நகராமல் அதைக் கேட்டு வாங்குங்கள்.