தேனீப் பெட்டி மானியம்: கையெழுத்துக்கு முன்னாடி மூடிய திறந்து பாருங்க

தேனீப் பெட்டிக்கு தோட்டக்கலைத் துறைல மானியம் இருக்கு. பழைய கணக்குல பெட்டிக்கு 2000, உள்ள இருக்கிற தேனீக் குடும்பத்துக்கு 2000னு விலை வச்சு ரெண்டுலயும் 40 சதவீதம் குடுத்தாங்க, 2025ல விதிய திருத்திட்டாங்க, இந்த வருஷத் தொகைய ஆபீஸ்லயே கேட்டுக்கோங்க. தேன் விக்கிறவங்களுக்குத்தானேன்னு விட்றாதீங்க. பாகல், பூசணி, வெள்ளரில ஆண் பூ வேற பெண் பூ வேற, தேனீ வந்து மகரந்தத்த சேக்கலைன்னா பிஞ்சு வெம்பி உதிர்ந்துரும்.

மொதல்ல மாட்டுறது பட்டாலதான். மதுரை மாவட்டத்துல உசிலம்பட்டி, சேடப்பட்டி பக்கம் நெறைய பேருக்கு பட்டா இன்னும் எறந்துபோன அப்பா பேர்லயே கெடக்கு, மனுவ வாங்கி வச்சுக்கிட்டு மாசம் கழிச்சு "பேரு சேரலயே"ன்னு திருப்புறாங்க, அத வாங்குன அன்னைக்கே சொல்ல என்ன கஷ்டம்? வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் வேலைய மனு போடுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருங்க. வாய்ப்பேச்சுல குத்தகை ஓட்டுறவங்க அடங்கல்ல, அதாவது எந்த நெலத்துல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு எழுதுற கணக்குல, பேர் ஏத்த விஏஓவ விடாம கேளுங்க. ஆதார், பாஸ்புக், பட்டா மூணுலயும் இனிஷியல் ஒண்ணா இருக்கணும், இதுல நின்னுபோனவங்களையும் பாத்திருக்கேன்.

அடுத்தது "இலக்கு முடிஞ்சிருச்சு"ங்கிற பதில். வட்டாரத்துக்கு இத்தனை பெட்டின்னுதான் வருது, அதனால ஏப்ரல், மே மாசமே போங்க. நோட்டுல பேர் எழுதிக்கிட்டேன்னு சொன்னா திரும்பி வந்துறாதீங்க, ஆன்லைன்ல பதிஞ்சு பதிவு எண்ண கையில வாங்குங்க.

எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்றது பெட்டி குடுக்கிற நேரம்தான். வருஷக் கணக்க முடிக்கணும்னு மார்ச் கடைசில எறக்குறாங்க, சித்திரை வெயில்ல பூவும் இல்லாம தண்ணியும் இல்லாம தேனீ பெட்டிய விட்டு பறந்துரும், அப்புறம் காலிப் பெட்டிதான் திண்ணைல கெடக்கும். பூ இருக்கிற மாசத்துல குடுங்கன்னு மனுலயே எழுதுங்க. வாங்கும்போது பெட்டிக்குள்ள தேனடை கட்டியிருக்கிற மரச் சட்டத்த தூக்கிப் பாருங்க, ராணித் தேனீ இருக்கணும், அடையோட அறைல முட்டையும் புழுவும் தெரியணும். வெறும் பெட்டியா இருந்தா "பெற்றுக்கொண்டேன்"ல கையெழுத்து போடவே போடாதீங்க, போட்டுட்டா அப்புறம் யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. பாக்கத் தெரியலைன்னா ஒத்தக்கடை வேளாண் கல்லூரில கேளுங்க.

பெட்டி வச்சதுக்கப்புறம் பூச்சி மருந்துல கவனமா இருங்க. பூ இருக்கும்போது காலைல அடிச்சா மேயப் போன தேனீ திரும்பாது, கட்டாயம் அடிக்கணும்னா தேனீ அடைஞ்ச பிறகு சாயங்காலம் அடிங்க. பக்கத்து தோட்டத்துக்காரங்ககிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருங்க, பெட்டி எங்க இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லப்போறதில்ல.