தக்கை உங்கள் படகுக்கே திரும்பி வரட்டும்

மன்னார் வளைகுடாக் கரையில் தூண்டில்காரர்களோடு கருவிகளைப் பற்றிப் பேசுவதும், கரை ஒதுங்கும் குப்பையைப் பிரித்துப் பார்ப்பதும் என் வேலை. தெர்மாகோல் துண்டு, மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டில், பழைய செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் என்று எப்போதும் வந்துகொண்டே இருக்கும். பலவற்றில் தங்கூசி, அதாவது தூண்டிலின் நைலான் நூல், சுற்றியிருக்கும், சிலவற்றில் தூண்டில் முள்ளும் கூட.

எல்லாம் யாரோ கையில் கிடைத்ததை வைத்துச் செய்த தக்கைதான், தூண்டில் இரையைத் தண்ணீரில் தொங்கவிடும் மிதவை. அதில் தப்பே இல்லை. நெட்டியையும் லேசான மரக்கட்டையையும் தக்கையாக்கித்தான் நம் ஆட்கள் காலங்காலமாக மீன் பிடித்தார்கள். நங்கூரம் போட்ட படகிலிருந்து காற்றும் நீரோட்டமும் தக்கையைத் தள்ளிக்கொண்டு போக, படகை நெருங்காத சீலா மீனுக்கு முன்னால் இரை போய் நிற்கிறது. நல்ல முறை.

கட்டுகிற விதத்தில்தான் வினை. மீன் இழுத்ததும் அறுந்துவிடட்டும் என்று பலர் மெல்லிய நூலிலோ டியூப் ரப்பரிலோ தக்கையைக் கட்டுகிறார்கள். மீனோடு மல்லுக்கட்டும்போது தக்கை இடைஞ்சல் என்பது உண்மை, ஆனால் அறுந்ததைத் தேடி யாரும் படகைத் திருப்புவதில்லை, "ஒரு பாட்டில்தானே சார்" என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் கடற்புல்லும் இருப்பதால்தான் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவே அமைந்தது. நூலோடு போகும் தக்கை அங்கே போய்ச் சிக்கினால் பவளம் ஒடியும், ஆமையின் துடுப்பில் சுற்றும். தெர்மாகோல் இன்னும் மோசம், வெயிலிலும் அலையிலும் மணி மணியாக உதிர்ந்துவிட்டால் அதை எந்தக் கையாலும் பொறுக்க முடியாது. தயவுசெய்து அதையும் பலூனையும் கட்டாதீர்கள்.

சரி, எப்படிக் கட்டுவது? கட்டையின் நடுவே துளை போட்டு, காலி பேனா ரீஃபில் குழாயைச் செருகி, அதன் வழியே தங்கூசியை விடுங்கள். இரை எத்தனை ஆழத்தில் நிற்க வேண்டுமோ அந்த அளவில் தங்கூசியின் மேல் தனி நூலால் ஒரு சின்ன முடிச்சு, முடிச்சுக்கும் தக்கைக்கும் நடுவில் ஒரு பாசிமணி. தக்கை முடிச்சு வரை ஏறி நிற்கும், மீன் மாட்டியபின் தங்கூசியிலேயே வழுக்கிக்கொண்டு உங்களோடு படகுக்கு வந்துவிடும். பாட்டில்தான் இருக்கிறது என்றால் கழுத்தில் ஒரு வளையம் கட்டி, நூல் அதன் வழியே ஓடட்டும்.

இன்னொன்று, அரை லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட அரைக்கிலோ எடையைத் தாங்கும், ஒரு சாளை மீன் இரைக்கு அது ரொம்ப அதிகம், கடித்த மீன் அந்த இழுவையை உணர்ந்தே துப்பிவிடலாம். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் இருக்கும் நாளில் உயரமாக மிதக்கும் பாட்டில் காற்றோடு போய், இரை பின்தங்கி, கடைசியில் எல்லாம் நங்கூரக் கயிற்றில் சுற்றிக்கொள்ளும். முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடினால் தாழ்வாக மிதக்கும், காற்றும் அவ்வளவாகப் பிடிக்காது.

தக்கையில் பளிச்சென்று ஆரஞ்சு அடித்து படகு எண்ணையும் எழுதி வையுங்கள், தப்பித்தவறி அறுந்தாலும் அடுத்த படகுக்காரர் எடுத்துக் கொடுப்பார். அப்புறம், ஆமை சிக்கியிருப்பதைப் பார்த்தால் முள்ளை இழுத்துப் பிடுங்காதீர்கள், சுற்றிய நூலை மட்டும் வெட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.