மனை பெருகுகிறது, வீடு எங்கே?

மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் தொழில். ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், சிலைமான், திருமங்கலம் என மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கல் ஊன்றிக் கொடி கட்டிய மனைகள். ஆனால் ஊருக்குள் வாடகைக்கோ ஒத்திக்கோ (மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருந்து, காலி பண்ணும்போது திரும்ப வாங்கிக்கொள்வது) வீடு தேடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அலைந்த கதையைத்தான் சொல்வார்கள்.

மனை வாங்குகிற பலர் அங்கே குடிபோவதற்காக வாங்குவதில்லை. மகள் கல்யாணத்துக்கு ஆகும், விலை ஏறும் என்று போட்டு வைக்கிறார்கள். அதனால் நாலு வீடு இங்கே, இரண்டு வீடு அங்கே, நடுவில் சீமைக்கருவேலம். அந்த நாலு வீட்டுக்காகக் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பஸ்ஸும் காலி மனைகளை எல்லாம் தாண்டிப் போக வேண்டும். 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. அப்போது சேர்ந்த ஆனையூர், அவனியாபுரம் பக்கமெல்லாம் வீடுகள் வந்து பல வருஷம் கழித்துத்தான் பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டினார்கள்.

மாசி வீதி ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கும், மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவருக்கும் ஊருக்கு வெளியே மனை இருந்து என்ன பயன்? செல்லூரிலோ முனிச்சாலையிலோ ஒத்திக்கு ஒரு வீடு, அவ்வளவுதான் அவர்களால் முடியும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால், திரும்பி வருகிற ஒத்திப் பணத்துக்கு இன்று அதே அளவு வீடு அமையாது. நகரத்துக்கு எத்தனை வீடு தேவை என்று கணக்கு எடுக்கும்போது இந்தக் குடும்பங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம், கண்மாய். வரைபடம் போடும் முன், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தையும், எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் பார்ப்பேன். கிழக்கே ஓர் இடம், நேரில் பார்த்தால் சமதளமான நிலம். வரைபடத்திலோ இரண்டு சர்வே நம்பர்களைக் கடந்து கண்மாய்க்குப் போகும் ஓடை. "அதுல தண்ணி ஓடி ரொம்ப வருஷமாச்சு சார்" என்றார் நிலத்துக்காரர். ஓடையை விட்டுத்தான் மனை பிரிக்க முடியும் என்று சொல்லிவிட்டேன். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாய் நிரம்பிச் செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மனை வாங்குகிறவர்கள் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரத்தோடு நின்றுவிடாதீர்கள். புல வரைபடத்தை அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். பக்கத்து சர்வே நம்பர்களையும் சேர்த்துப் பாருங்கள், ஓடை அங்கிருந்துதான் வரும்.

அப்புறம், எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கால அவகாசம் தருவார்கள். நிலத்துக்காரர்கள் தங்கள் இடத்தைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கேட்டு மனு கொடுப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் கொடுப்பதே இல்லை. தோப்பூரில் எய்ம்ஸ் முழுதாக இயங்கும்போது நர்சுகளும் துப்புரவுப் பணியாளர்களும் எங்கே தங்குவார்கள்? மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் சின்ன வாடகை வீடுகளுக்கு இப்போதே இடம் ஒதுக்கச் சொல்லி, முடிந்தால் சர்வே நம்பரோடு எழுதிக் கொடுங்கள்.