பின்கண்ணாடிக்குள் ஒளிந்திருக்கும் ஏரியல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது 96.3-இல் மின்னல் எஃப்எம் இரையும். கார் முக்கால் மீட்டர் உருண்டதும் பாட்டு தெளியும். அது ஏரியல் கோளாறு அல்ல. நேராக வரும் அலையும் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் அது. அலைநீளம் சுமார் 3.1 மீட்டர், அதில் கால் பங்கு நகர்ந்தாலே நிலைமை மாறிவிடும். எங்கே நிறுத்தினாலும் இரைந்தால்தான் பின்கண்ணாடியைச் சந்தேகிக்க வேண்டும்.

கூரையில் கம்பி இல்லாத கார்கள் பலவற்றில் ஏரியல் அங்கேதான் இருக்கிறது. வெள்ளி கலந்த பசையை மெல்லிய கோடுகளாக அச்சிட்டு, கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது கோடும் கண்ணாடியோடு இறுகிவிடும். உள்பக்கம் நகத்தால் தடவினால் தட்டுப்படும். மழையில் படியும் ஆவியைப் போக்கும் சூட்டுக் கோடுகளே சில கார்களில் ஏரியலாகவும் வேலை செய்கின்றன. 12 வோல்ட் வரும் வழியில் உள்ள சோக் காயில் மின்சாரத்தைப் போகவிட்டு, ரேடியோ சமிக்ஞை அவ்வழியே கசியாமல் தடுக்கும். சூட்டைப் போட்டதும் இரைச்சல் கூடினால் முதலில் அந்தக் காயிலைப் பாருங்கள்.

கோடு பிடிக்கும் சமிக்ஞை பலவீனமானது. அதனால் பின்தூண் உறைக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும். ஆண்ட்ராய்டு பிளேயர் மாற்றியதும் ரேடியோ செத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: அதற்குப் போகவேண்டிய 12 வோல்ட் ஒயரை யாரும் இணைக்கவில்லை. பிளேயரின் நீல ஒயர்தான் வழக்கமாக அதற்கானது. சில கார்களில் ஏரியல் கேபிள் வழியாகவே மின்சாரம் போகும். அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். ரேடியோவைப் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த எதிரி டின்டெட், அதாவது கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம். உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் அலையை மறைக்கும்; செராமிக் மறைக்காது. அதைவிட மோசம், பழைய ஃபிலிமைப் பிளேடால் சுரண்டுவது. நீராவி காட்டி, கோட்டின் போக்கிலேயே மெதுவாக உரிக்க வேண்டும்.

அறுந்த சூட்டுக் கோட்டைக் கண்டுபிடிக்க, மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து, சிவப்பு முனையில் அலுமினியத் தாள் சுற்றி, 12 வோல்ட் பக்கத்திலிருந்து கோட்டின்மேல் நகர்த்துங்கள். நல்ல கோட்டில் வோல்ட் படிப்படியாகக் குறையும்; குறையாமல் நின்று திடீரென்று பூஜ்யமானால் அங்கேதான் வெட்டு. மின்சாரம் ஓடாத ஏரியல் கோட்டுக்கு ஓம் அளவு பார்த்தால் போதும். இரு பக்கமும் டேப் ஒட்டி, வெட்டைத் தாண்டி 5 மில்லிமீட்டர் வரை வெள்ளிப் பெயிண்ட் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். கண்ணாடியிலிருந்து பெயர்ந்த ஒயர் முனையைச் சூப்பர் குளூவால் ஒட்டுவோர் உண்டு. ஒட்டும், மின்சாரம்தான் போகாது. சாதாரண ஈயப் பற்றோ கோட்டிலுள்ள வெள்ளியைக் கரைத்துவிடும். வெள்ளி கலந்த பற்று வேண்டும்.