டைகர் பார்ப் கர்ப்பமாகாது

இந்த மாதமும் ஒரு வீடியோ வந்துவிட்டது. பெங்களூர் அல்சூரில் ஒரு வீடு. வயிறு உப்பிய டைகர் பார்ப் என்கிற தொட்டி மீனைக் குட்டி போடும் பெட்டிக்குள் தனியாக அடைத்துவிட்டு, "எப்போ பிரசவம் சார்?" என்று கேட்டிருந்தார்கள். செதில்கள் அன்னாசிப்பழத் தோல் போலத் தூக்கிக்கொண்டு நின்றன. அது ட்ராப்சி. உடம்புக்குள் நீர் கோத்துச் சாகக் கிடக்கிற மீனுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறார்கள்.

பார்ப் குட்டி போடாது. குட்டி போடுவது கப்பி, மோலி, பிளாட்டி. பார்ப் நம் ஊர்க் கெண்டையின் உறவு, முட்டைதான் போடும். பெண்ணின் வயிற்றில் இருப்பது வெறும் சினை, அதாவது கருவூட்டாத முட்டை. அது வெளியே வந்து விழும்போதுதான் ஆண் கருவூட்டும். அதனால் பெண்ணைத் தனியாகப் பெட்டியில் வைத்தால் எத்தனை வாரம் காத்திருந்தாலும் எதுவும் பிறக்காது. வயிறு உருண்டு, செதில் படிந்து, மீன் ஓடியாடித் தின்றால் பெரும்பாலும் சினை. செதில் தூக்கி, தீனி எடுக்காமல் ஒதுங்கினால் நோய். உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

சரி, ஆணா பெண்ணா? டைகர் பார்ப்பில் ஆண் ஒல்லி, மூக்கு நல்ல சிவப்பு. பெண் கொஞ்சம் பெரிசு, உருண்டை, மூக்கு வெளிறியிருக்கும். ரோஸி பார்ப், செர்ரி பார்ப் இரண்டிலும் வளர்ந்த ஆண் சிவப்பு, பெண் மங்கல். சின்னப் பிள்ளையே சொல்லிவிடும். 'மிஸ் கேரளா' என்கிற டெனிசன் பார்ப்பைப் பார்த்த மாத்திரத்தில் ஜோடி பிரித்துக் கொடுப்பவரை நம்பாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அருகிவரும் மீன் அது. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். வீட்டு வேலை இல்லை.

கடையில் இருக்கும் 2 சென்டிமீட்டர் குஞ்சில் ஆண் பெண் யாருக்கும் தெரியாது. ஜோடி கேட்காமல் ஆறு எட்டாக வாங்கி வளர்த்து, அப்புறம் பிரியுங்கள். கூட்டம் குறைந்தால் டைகர் பார்ப் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும், அது தனிக் கதை.

முட்டைக்குத் தனித் தொட்டி வேண்டும். பெங்களூரில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் ரொம்பக் கடினம், காவிரித் தண்ணீர் மேல். குளோரினைப் போக்கிவிட்டு ஊற்றுங்கள். டிசம்பர் குளிரில் ஹீட்டர் இல்லாமல் முயற்சியே வேண்டாம், 26 டிகிரி வையுங்கள். அடியில் கோலிக்குண்டு பரப்புங்கள், முட்டை இடுக்கில் விழுந்து தப்பும், இல்லாவிட்டால் பெற்றவர்களே முட்டையைத் தின்றுவிடுவார்கள். சாயங்காலம் ஜோடியை விட்டால் பெரும்பாலும் காலையில் முட்டை போடும். போட்டதும் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒன்றரை நாளில் பொரிந்து, ஐந்தாம் நாள் வாக்கில் நீந்தும். தீனி முதலில் இன்ஃபுசோரியா என்கிற நீர் நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறால். முட்டை மஞ்சள்கருவை அள்ளி ஊற்றித் தண்ணீரை நாறடிக்காதீர்கள்.

ஒரே தடவையில் 200 முட்டைக்கு மேல் வரலாம். குஞ்சுகளை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று முன்பே பேசி வையுங்கள். மிஞ்சியதை அல்சூர் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள், தயவுசெய்து.