எந்த ஊரில் புள்ளி வைப்பது?

ஒரே அயலில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால் மனம் உடனே காரணம் தேடும். கிணற்றுத் தண்ணீரா, வயலுக்கு அடித்த மருந்தா, போர் விட்டுச்சென்ற நஞ்சா? பிள்ளையோடு மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அலையும் தாய் இதைக் கேட்பது நியாயம். அவருக்கு நேர்மையான விடை கிடைக்க வேண்டுமென்றால், முதலில் நம் வயலைப் பார்க்க வேண்டும்.

காலபோகத்தில் நெல்லை வீசி விதைக்கிறோம். எவ்வளவு சீராக வீசினாலும் பயிர் ஓரிடத்தில் அடர்ந்தும் இன்னோரிடத்தில் ஐதாகவும் முளைக்கும். நோயும் அப்படித்தான். ஒத்த அளவான 100 கிராமங்களில் 100 நோயாளர் தற்செயலாகவே பரவினாலும், சுமார் 37 கிராமங்களில் ஒருவரும் இருக்கமாட்டார். ஏறத்தாழ 2 கிராமங்களில் நான்கு பேரோ அதற்கு மேலோ இருப்பார்கள். அடர்த்தியைக் கண்டபின் அதைச் சுற்றி வரம்பு கட்டி, "இந்த மண்ணில் ஏதோ இருக்கிறது" என்பது பிழை. வரம்பு முதலே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாமே தற்செயல் அல்ல. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே இந்நோய் கூடத் தொடங்கியது.

இங்கிலாந்தின் செலஃபீல்ட் அணு ஆலைக்கு அருகிலுள்ள சீஸ்கேல் கிராமத்தில் பிள்ளைகளிடையே நோய் மிகுந்திருப்பது 1983இல் வெளிவந்தது. கதிர்வீச்சைக் கணக்கிட்டால், அந்த அளவு நோய்க்கு அது போதவில்லை. 1988இல் நோய்ப்பரவல் ஆய்வாளர் லியோ கின்லன் வேறு வழியில் யோசித்தார். ஒதுங்கிக் கிடந்த ஊருக்குள் வெளியார் திரளாக வந்து குடியேறும்போது, ஊருக்குப் பழக்கமில்லாத ஏதோ ஒரு தொற்று பரவுகிறது; அதற்கு மிகச் சில பிள்ளைகளின் உடல் காட்டும் அரிதான விளைவே இந்நோய் என்றார். அணு ஆலையே இல்லாத ஸ்கொட்லாந்தின் கிளென்ரொத்தெஸ் புதுநகரிலும் நோய் மிகுந்திருந்ததை அவர் காட்டினார். அந்தத் தொற்று எதுவென்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் இரண்டு படிகளில் வருகிறது என்கிறார் புற்றுநோய் ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ். முதல் மரபணுப் பிழை கருவிலேயே நேர்கிறது. அதைச் சுமந்து பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வளர்கிறார்கள். பிறந்தபின் இரண்டாவது பிழையும் நேர்ந்தவர்களுக்கே நோய். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அது அதிகம்.

இங்கேதான், போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்த வன்னியின் சிக்கல். தாய் மல்லாவியில் கருவுற்று, தர்மபுரத்தில் பெற்றெடுத்து, 2009இல் செட்டிகுளம் முகாமில் தவழவிட்ட பிள்ளைக்கு, மீளக் குடியேறிய விசுவமடுவில் நோய் தெரிய வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரி விசுவமடு. வரைபடத்தில் புள்ளியும் அங்கேயே விழும். முதல் பிழை நேர்ந்த ஊரோ, புதிய தொற்றுகளைச் சந்தித்த முகாமோ அதில் இல்லை. அந்தப் புள்ளியை நம்பி விசுவமடுக் கிணறுகளைச் சோதித்து என்ன பயன்?

சூல்கொண்ட நாளில் தாய் இருந்த ஊரையும், பிள்ளை தங்கிய ஒவ்வோர் இடத்தையும் ஆண்டோடு கேட்டு எழுத, நோயாளர் பதிவேட்டில் நாலு வரி இடம் போதும்.