நியோஸ் ஏரியின் அடியில் என்ன இருந்தது?

பச்சை மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி. அதன் மையத்தில் 50 மீட்டர் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு நீரூற்று பீறிட்டுக்கொண்டிருக்கிறது. இணையத்தில் எதையோ தேடும்போது இந்தப் படம் கண்ணில் பட்டால், ஏதோ சுற்றுலாத் தலம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். ஆனால் அந்த ஊற்று அழகுக்காக வைத்தது அல்ல. அதை இயக்க மோட்டாரும் ஓடவில்லை, மின்சாரமும் போகவில்லை. ஏரி தன் அடியில் சேர்த்துவைத்திருக்கும் வாயுவின் பலத்தில் தானே பீச்சிக்கொள்கிறது. இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு என்று தேடிப்போனால், 1986 ஆகஸ்ட் 21 அன்று மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கேமரூன் நாட்டில் நடந்த ஒரு துயரத்தில் போய் நிற்போம்.

அன்று வியாழக்கிழமை, சந்தை நாள். கேமரூனின் வடமேற்கு மலைப்பகுதியில் நியோஸ் ஏரிக்குக் கீழே இருக்கும் ஊர்களில் மக்கள் சந்தையிலிருந்து திரும்பி, சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரம். இரவு ஒன்பது மணி வாக்கில் ஏரிப் பக்கமிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மலைச்சரிவில் வெண்மூட்டமாக ஏதோ இறங்கி வந்தது. நியோஸ், காம், சா, சுபும் ஆகிய ஊர்களில் இருந்தவர்கள் நின்ற இடத்திலும் படுத்த இடத்திலும் இறந்தார்கள். மொத்தம் 1,746 பேர். சுமார் 3,500 கால்நடைகள். ஏரியிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களைக்கூட அது விடவில்லை.

மறுநாள்களில் அங்கே போய்ச் சேர்ந்தவர்களைக் குழப்பியது, எதுவும் சேதமாகாமல் இருந்ததுதான். வீடுகள் அப்படியே நின்றன. கூரை எரியவில்லை, சுவர் விழவில்லை. விளக்குகளில் எண்ணெய் மிச்சம் இருந்தது, ஆனால் எல்லாம் அணைந்திருந்தன. இத்தனை உடல்கள் கிடந்தும் ஈ மொய்க்கவில்லை, ஏனென்றால் ஈக்களும் செத்திருந்தன. பிழைத்தவர்கள் பல மணி நேரம், சிலர் ஒரு நாளுக்கும் மேல், நினைவில்லாமல் கிடந்துவிட்டு எழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது குடும்பத்தில் வேறு யாரும் உயிரோடு இல்லை என்ற நிலை பலருக்கு. எண்ணிக்கையைப் படிக்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அந்த வெண்மூட்டத்தில் வந்து கொன்றது என்ன? கரியமில வாயு. நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளியே விடும் அதே கார்பன் டை ஆக்சைடு.

நியோஸ் ஒரு பழைய எரிமலை வாய். மேலே ஏறிவந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததில் உண்டான பள்ளம் அது. நாளடைவில் நீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. பரப்பு ஒன்றரை சதுர கிலோமீட்டர்தான். ஆனால் ஆழம் 208 மீட்டர், கரையும் கிணற்றுச் சுவர்போல் செங்குத்து. எரிமலை அடங்கிவிட்டாலும், பூமிக்குள் வெகு ஆழத்தில் இருக்கும் எரிகுழம்பிலிருந்து கரியமில வாயு கசிந்து மேலே வந்துகொண்டே இருக்கிறது. வழியில் நிலத்தடி நீரில் கரைந்து, அந்த நீர் ஊற்றுகளாக ஏரியின் அடியில் வந்து சேர்கிறது.

இங்கேதான் அழுத்தம் வேலை செய்கிறது. நீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடும். 200 மீட்டர் ஆழத்தில், மேலே உள்ள காற்றின் பங்கையும் சேர்த்தால், 21 மடங்கு அழுத்தம். அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை மடங்கு அதிகமான வாயு நீரில் கரைந்து நிற்கும். கோலி சோடாவில் நடப்பது இதுவேதான். கோலி அடைத்திருக்கும்வரை உள்ளே ஒரு குமிழிகூடத் தெரியாது. கட்டை விரலால் கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் விட்டுப்போய் நுரை பொங்குகிறது. நியோஸில் கோலியின் வேலையைச் செய்தது மேலே இருந்த நீரின் எடை.

அடியில் இருக்கும் நீர் மேல்நீரைவிடச் சற்று வெதுவெதுப்பானது. வழக்கமாக வெதுவெதுப்பான நீர் மேலே ஏறிவிட வேண்டும். ஆனால் கரைந்த வாயுவும் உப்புகளும் அதைக் கனமாக்கிவிடுவதால் அது அடியிலேயே கிடக்கிறது. குளிர் நாட்டு ஏரிகளாக இருந்தால் கவலை இல்லை. அங்கே பருவம் மாறும்போது மேல்நீர் குளிர்ந்து கனத்து அடிக்குப் போகும், அடிநீர் மேலே வரும், சேர்ந்த வாயு அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வெப்பமண்டலத்தில் அப்படிப்பட்ட குளிர்காலம் கிடையாது. அதனால் நியோஸின் அடிநீர் பல காலமாகக் கலங்காமல், வெளியேறாமல், வாயுவைச் சேர்த்துக்கொண்டே இருந்தது.

அன்று இரவு அதைக் கிளப்பிவிட்டது எது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. கரையிலிருந்து மண் சரிந்திருக்கலாம், காற்று மேல்நீரை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கலாம், குளிர்ந்த மழைநீர் இறங்கியிருக்கலாம். ஆகஸ்டு அங்கே மழைக்காலம், நீரடுக்குகளின் பிடி தளர்ந்திருக்கும் மாதம். ஆனால் தொடங்கியபின் நடந்தது தெளிவாகத் தெரியும். அடிநீர் கொஞ்சம் மேலே எழும்புகிறது. அழுத்தம் குறைகிறது. குமிழிகள் பிரிகின்றன. குமிழி கலந்த நீர் லேசாகிவிடுவதால் இன்னும் வேகமாக ஏறுகிறது. ஏற ஏற இன்னும் அழுத்தம் குறைந்து இன்னும் குமிழி. அது ஏறும்போது கீழே இருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு இடத்தில் ஆரம்பித்தது ஏரியையே கிளறிவிடுகிறது. தெற்குக் கரையில் 25 மீட்டர் உயரத்துக்குச் செடிகொடிகளை அலை வழித்தெடுத்திருந்தது. ஏரியின் மட்டம் ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. வெளியேறிய வாயுவின் அளவை ஒரு லட்சம் டன்னிலிருந்து 16 லட்சம் டன் வரை பலரும் பலவிதமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் வானத்தில் கலைந்து போகாமல், ஏரியின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தாக்கு வழியாகத் தரையோடு தரையாக இறங்கியது. இந்தப் பகுதியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு நம் ஊர்க் கிணறுகள் நினைவுக்கு வராமல் போகாது. நெடுநாள் பயன்படுத்தாத கிணற்றில் தூர் வார இறங்கியவர் மயங்கி விழ, தூக்கிவிட இறங்கியவரும் விழுந்தார் என்ற செய்தி நமக்குப் பழக்கமானது. அங்கேயும் மக்கிய குப்பையிலிருந்து வரும் கரியமில வாயு அடியில் தேங்கி நிற்பது ஒரு முக்கியக் காரணம். பெரியவர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்ததும் இதற்காகத்தான். ஆனால் விளக்கு எரிந்தாலே பத்திரம் என்று முடிவுகட்டக் கூடாது. சாதாரணக் காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான். பத்து சதவீதத்தைத் தாண்டினால், ஆக்சிஜன் இருக்கிற நிலையிலும், சில நிமிடங்களில் நினைவு போய்விடும். ரத்தம் அமிலத்தன்மை அடைவதுதான் காரணம். 30 சதவீதத்தில் சில மூச்சுகளே போதும்.

பிழைத்த சிலர் அழுகிய முட்டை வாசனையும் வெடிமருந்து வாசனையும் வந்ததாகச் சொன்னார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, ஏரிக்கு அடியில் எரிமலையே வெடித்துக் கந்தக வாயு வந்தது என்று ஒரு தரப்பு வாதிட்டது. 1987 மார்ச்சில் கேமரூன் தலைநகர் யவுண்டேயில் நடந்த மாநாட்டில் இந்தச் சண்டை பலமாகவே நடந்தது. ஆதாரங்கள் அதற்கு எதிராக இருந்தன. எரிமலை வெடித்திருந்தால் ஏரி நீர் சூடாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அடிமண் கலைந்திருக்க வேண்டும், பெரிதாகக் கலையவில்லை. நீரில் கந்தகச் சேர்மங்கள் மிகக் குறைவு. வாசனைக்கும் வேறு விளக்கம் உண்டு: கரியமில வாயுவை அதிக அடர்த்தியில் சுவாசிப்பவர்களுக்கு இல்லாத வாசனைகள் தோன்றக்கூடும். நீலமாக இருந்த ஏரி ஒரே இரவில் செங்காவி நிறமாக மாறியிருந்ததும் ஒரு சாட்சி. ஆழத்து நீரில் இரும்பு கரைந்திருக்கும். அது மேலே வந்து காற்று பட்டதும் துருவாகிவிட்டது. அடிநீர் மேலே வந்தது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. வாயு எங்கிருந்து வந்தது என்பதையும் சோதித்தார்கள். செடிகொடி மக்கி உண்டான கார்பன் என்றால் அதில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இருக்கும். இதில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்படியானால் பூமியின் ஆழத்திலிருந்து வந்தது என்று பொருள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. இது முதல் தடவை அல்ல. இரண்டு வருடம் முன்பு, 1984 ஆகஸ்ட் 15 அன்று, அதே கேமரூனில் மொனூன் என்ற ஏரிப் பக்கம் 37 பேர் இறந்திருந்தார்கள். பலர் விடியும் முன் ஒரு தாழ்வான சாலைப் பகுதியில் விழுந்து கிடந்தார்கள். ஒரு லாரியில் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அந்தத் தாழ்வில் எஞ்சின் நின்றுபோனது. எரிய ஆக்சிஜன் இல்லையென்றால் எஞ்சினும் ஓடாது. என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கியவர்கள் இறந்தார்கள். லாரியின் மேல் உட்கார்ந்திருந்த இருவர் பிழைத்தார்கள். அவர்களுக்கும் கீழே நின்றவர்களுக்கும் இடையே இருந்தது ஒரு லாரியின் உயரம் மட்டும்தான். யாரோ ரசாயனத் தாக்குதல் நடத்தியதாகக்கூடச் சந்தேகம் எழுந்தது.

ஹரால்டுர் சிகுர்ட்சன் என்ற எரிமலை ஆய்வாளர் 1985-இல் அங்கே போய் ஆழத்து நீரை எடுத்துப் பார்த்தார். குடுவையைத் திறந்ததும் நீர் பொங்கியது. அடிநீரில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறித்தான் மக்கள் இறந்தார்கள் என்று கட்டுரை எழுதினார். முன்னணி அறிவியல் இதழ் ஒன்று அதை ஏற்கவில்லை. ஓர் ஏரி இப்படிச் செய்யும் என்பதை அப்போது நம்புவது கடினமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்த எச்சரிக்கையை யாராவது கையில் எடுத்துக்கொண்டு கேமரூனின் மற்ற எரிமலை ஏரிகளில் ஒரு வாளி ஆழ்நீரை மொண்டு பார்த்திருந்தால் நியோஸ் முன்னாலேயே சிக்கியிருக்கும்.

தீர்வோ மிக எளிது. ஏரியின் அடி வரை ஒரு குழாயை இறக்க வேண்டும். முதலில் மட்டும் ஒரு பம்பு வைத்து அடிநீரை மேலே இழுக்க வேண்டும். குழாய்க்குள் ஏறும் நீரில் குமிழிகள் பிரியத் தொடங்கியதும் பம்பை நிறுத்திவிடலாம். ஏரியைக் கிளறிய அதே சங்கிலி வினை இங்கே குழாய்க்குள் மட்டும் நடக்கிறது. லேசான நீர் ஏறிக்கொண்டே போக, கனத்த அடிநீர் தானாகவே உள்ளே வந்துகொண்டிருக்கிறது. மிஷேல் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பல வருடச் சோதனைக்குப் பிறகு 2001-இல் நியோஸில் 203 மீட்டர் நீளக் குழாயை நிரந்தரமாக நிறுவியது. குழாயின் விட்டம் 14.5 சென்டிமீட்டர், ஒரு சாணைவிடக் குறைவு. அந்த முதல் நாளில் எழும்பியதுதான் படத்தில் பார்க்கும் 50 மீட்டர் ஊற்று. மொனூனில் 2003-இல் தொடங்கினார்கள். நியோஸுக்கு ஒரு குழாய் போதாது என்பதால் 2011-இல் இன்னும் இரண்டு சேர்த்தார்கள். வாயு குறையக் குறைய ஊற்றின் உயரமும் தணிந்துகொண்டு வந்தது. ஏரியின் வடக்கு விளிம்பில் இயற்கையாக அமைந்த பலவீனமான கரை ஒன்று இருந்தது. அது உடைந்தால் வெள்ளம் நைஜீரியா வரை போகும் என்ற பயம் இருந்ததால் அதையும் பலப்படுத்தினார்கள்.

உயிர் தப்பியவர்களை ஏழு மறுகுடியேற்ற முகாம்களில் வைத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கிய முகாம்களிலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. குழாய் போட எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியாவது இந்த மக்கள் விஷயத்தில் இருந்திருக்க வேண்டும்.

இப்படி அடியில் வாயுவைச் சேர்த்துவைத்திருக்கும் ஏரி மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவே இருக்கும் கிவு. நியோஸைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பரப்பு, ஏறக்குறைய 480 மீட்டர் ஆழம், கரையோரம் இருபது லட்சம் பேருக்குக் குறையாத மக்கள். அடிநீரில் சுமார் 300 கன கிலோமீட்டர் கரியமில வாயுவும் 60 கன கிலோமீட்டர் மீத்தேனும் கரைந்திருக்கின்றன. இதற்குமேல் கரையாது என்ற நிறைவு நிலையை அது எட்டவில்லை, அதுவே இப்போதைக்கு ஆறுதல். பக்கத்திலேயே நியிரகோங்கோ எரிமலை. 2002 ஜனவரியில் அதன் எரிகுழம்பு கோமா நகரத்தைக் கடந்து ஏரிக்குள்ளேயே இறங்கியது. ஆழத்து அடுக்குகள் அப்போது கலையவில்லை. ருவாண்டா கரையில் 2016 முதல் 26 மெகாவாட் மின்நிலையம் ஒன்று ஓடுகிறது. ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை எடுத்து, மீத்தேனைப் பிரித்து எரித்து மின்சாரமாக்குகிறார்கள். வாயு நீக்கிய நீரை மேலே கொட்டிவிடாமல், அடுக்குகளின் அடர்த்தி கெடாதபடி கணக்குப்பார்த்து, மறுபடியும் ஆழத்துக்கே அனுப்புகிறார்கள்.